கை நீட்டாத பிள்ளை

ஜூன் 3, செவ்வாய்

தென்மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பெரகல வளைவில் பஸ் ஆடிய ஆட்டத்தில் மடியிலிருந்த சாப்பாட்டுப் பெட்டி உருண்டு கண்டக்டர் காலடியில். குனிந்து எடுத்துத் தர ஒருவருக்கும் மனம் வரவில்லை.

வாங்க வேண்டியது: தைலம், சிவப்புப் பேனை இரண்டு, ஜன்னலுக்குக் கொக்கி.

பாடசாலையில் புதுச் செய்தி. நாளையிலிருந்து தேசிய கீதம் முடிந்ததும் பிள்ளைகள் எல்லாரும் வலக்கையை நீட்டி உறுதிமொழி சொல்ல வேண்டுமாம். தினமும். அதிபர் ஸ்டாப் ரூமுக்கே வந்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார். "மேலிடத்து உத்தரவு" என்றார். எந்த மேலிடம் என்று சொல்லவில்லை.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இலக்கம் இல்லை, திகதி இல்லை, கையெழுத்து இல்லை. பதுளையில் அப்பாவின் கடையில் ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே வளர்ந்தவள் நான். இந்தத் தாளையும் ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். பிரதீபன் சேர் சிரித்தார். வரலாறு படிப்பிக்கப் புதிதாக வந்திருப்பவர், சின்ன வயது.

வாசகம்: "இந்த நாட்டின் பிள்ளையாகிய நான் எந்நாளும் என் நாட்டுக்கு விசுவாசமாக நடப்பேன், சட்டத்தை மதிப்பேன், பொய்யும் களவும் செய்யேன் என்று என் வலக்கை நீட்டி உறுதி கூறுகிறேன்."

பி. சேர்தான் கேட்டார். "ஏன் சேர் தினமும்? வருசத்துக்கு ஒரு தடவ போதாதா?"

அதிபர்: "ஏன் தம்பி, உங்களுக்கு நாட்டுப்பற்று இல்லையா?"

அதன் பிறகு எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

ஜூன் 4, புதன்

காற்று. மைக்கில் பாதி காற்று, பாதி அதிபர்.

முதல் நாள் உறுதிமொழி. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு "விசுவாசமாக" வாயில் நுழையவில்லை, விழுந்து எழும்பினார்கள். எதிர் மலைத் தேயிலைத் தோட்டத்தில் அப்போதுதான் பெரட்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு. ஆட்கள் வரிசையாக நின்று பேர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே பிள்ளைகள் வரிசையாக நின்று கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு நாட்டின் மேல் ஒரு குறையும் இல்லை. தேசிய கீதத்தைக் கடைசி வரி வரை பாடுகிற ஆள்தான் நான். இது வேறு. காலையும் மாலையும் "உன்மேல்தான் உயிர்" என்று சொல்கிற புருஷனின் சட்டைப்பையை எந்தப் பெண்ணும் தடவிப் பார்ப்பாள்.

தரம் பத்து கிருஷாந்திதான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சொன்னாள். நல்ல தொண்டை.

அதிபர் முழுவதையும் போனில் வீடியோ எடுத்தார். இடைவேளையில் என்னைக் கூப்பிட்டு அதை ஓட்டிக் காட்டினார். ஓர் இடத்தில் நிறுத்தி, விரலால் பெரிதாக்கினார்.

"இது உங்க கிளாஸ்தானே, வசந்தி மிஸ்?"

தர்சிகா. என் தரம் பதினொன்று. மாணவத் தலைவி, பட்ஜ் குத்தியபடி முன்வரிசையில். இரண்டு கையும் பின்னால் கட்டியிருக்கிறாள். வாய் மூடியிருக்கிறது. சுற்றிலும் நீண்ட கைகள்.

என் வகுப்பில் கணிதம் நன்றாக வருகிற ஒரே பிள்ளை. சாதாரண தரப் பரீட்சை முடித்துப் பண்டாரவளையில் பெரிய பாடசாலையில் உயர்தரக் கணிதம் சேர வேண்டும் என்று இருக்கிறாள். அவளாவது போய்ச் சேருவாள் என்று நானும் இருக்கிறேன்.

தைலம் வாங்க மறந்துவிட்டது.

ஜூன் 5, வியாழன்

தர்சிகா இன்றும் கை நீட்டவில்லை. கேட்டேன்.

"ஏன்டா?"

"ஒண்ணுமில்ல மிஸ்."

ஒன்றுமில்லை என்றால் நிச்சயம் ஏதோ இருக்கிறது. என் சந்தேகங்கள்:

அவள் இருக்கிற தோட்டத்து மேல் டிவிசன் பக்கம் புதிதாக ஒரு ஜெப சபை. அவர்கள் சத்தியம் பண்ண மாட்டார்களாம். (விசாரித்தேன். இவள் வீட்டில் முனியாண்டி படம். அடிபட்டுப் போச்சு.)

பி. சேர் ஏதாவது ஓதினாரா? (முகத்தைப் பார்த்துக் கேட்டேன். "நான் அந்த கிளாஸுக்கே போறதில்ல மிஸ்" என்றார். கால அட்டவணையையும் பார்த்தேன். உண்மைதான். ஆனால் கன்டீனில் பேசலாமே. முழுதாக விடுவதற்கில்லை.)

தகப்பன் தொழிற்சங்கமா? (கொழும்பில் கடையில் வேலை. வருசத்துக்கு இரண்டு தடவை வருகிறவர்.)

திமிரா? திமிர் என்றால் கண்ணில் தெரியும். இவள் கண்ணில் தெரிவது பயம்.

பின்னேரம் பெரகல சந்தித் தேநீர்க் கடையில் தேவராஜ் அண்ணன். பெற்றோர் சங்கத்தில் இருப்பவர். உறுதிமொழி அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. கோப்பையை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"எங்க தாத்தா காலத்துல நாங்களும் இந்த நாட்டு ஆளுதான்னோம். இல்லன்னு சொல்லி இந்தியாவுக்கு அனுப்பினாங்க. இப்ப பேரப்புள்ளைங்ககிட்ட விசுவாசமா விசுவாசமான்னு தெனமும் கேக்கறாங்க. தெனமும் கேட்டா என்னங்க மிஸ் அர்த்தம்? இன்னும் நம்பலன்னுதானே?"

கடைக்காரர் ரேடியோ சத்தத்தைக் கூட்டினார்.

ஜூன் 6, வெள்ளி

அதிபர் தர்சிகாவையும் என்னையும் அறைக்கு அழைத்தார். அடுத்த வெள்ளி வலயக் கல்விப் பணிப்பாளர் வருகிறார். அவர் முன்னால் ஒரு கை குறையக் கூடாது.

"நீட்டுவியா மாட்டியா?"

தர்சிகா இரண்டு கையையும் பின்னால் கட்டினாள்.

"சரி. பட்ஜ்ஜக் கழட்டுறது சின்ன விசயம். நாளைக்கு நீ பண்டாரவளைக்குப் போறப்ப விடுகைப் பத்திரம் நான்தான் எழுதணும். நடத்தைன்னு அதுல ஒரு எடம் இருக்கு. அங்க என்ன எழுதுறதுன்னு நீயே முடிவு பண்ணிக்க."

பிள்ளையின் உதடு வெளுத்துவிட்டது. ஆனால் அழவில்லை. நடத்தை சரியில்லை என்று ஒரு வரி போதும், எந்தப் பெரிய பாடசாலையும் கேட்டைத் திறக்காது. தோட்டத்துப் பிள்ளைக்கு அதைத் திறக்கவே முதலில் யோசிப்பார்கள்.

வெளியே வந்து மறுபடி கேட்டேன். "என்கிட்டயாவது சொல்லு."

"கை நீட்ட முடியாது மிஸ். அவ்வளவுதான்."

கோபம் வந்தது. அவள்மேலும், அவர்மேலும்.

ஜூன் 8, ஞாயிறு

பதுளை. வெயில். அம்மாவுக்கு முழங்கால் வலி. தம்பி மறுபடியும் லோனுக்கு உத்தரவாதக் கையெழுத்துக் கேட்டான். மறுபடியும் போடவில்லை. கூடப் பிறந்தவன்தான், இருந்தாலும் யாருக்கும் பொறுப்பு நிற்பதில்லை என்பது என் கொள்கை. அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

அவன் மகனிடம் சும்மா கேட்பது போல் கேட்டேன். டவுனில் பெரிய பாடசாலை அவனுடையது.

"உங்க ஸ்கூல்ல காலையில உறுதிமொழி சொல்றீங்களாடா?"

"அப்படின்னா என்ன அத்தை?"

ஆஹா.

ஜூன் 9, திங்கள்

பாடசாலை விட்டு வந்ததும் வீட்டுக்கார ஹாஜியார் வீட்டிலிருந்து பெருநாள் வட்டிலப்பம். இரண்டு துண்டு. மூன்றாவது துண்டு நாளைக்கு என்று மூடி வைத்தேன். பிறகு அதையும் தின்றுவிட்டேன்.

படியில் ஹாஜியாரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கீழே துணிக்கடை வைத்திருப்பவர், பேச்சு அளந்துதான் வரும். "சத்தியம் பண்ணிப் பண்ணி விக்கிற சாமான்ல பரக்கத் இருக்காது, பெருகாது மிஸ். எங்கட வாப்பா சொல்வார்" என்றார். கடையைப் பூட்டப் போய்விட்டார்.

ஆனால் இன்றைய முக்கிய விசயம் வேறு. காலையில் நான் கொடியைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்த்தேன். கிருஷாந்தியும் கொடியைப் பார்க்கவில்லை. தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டே கழுத்தைத் திருப்பித் தர்சிகாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் பிடித்தேன்.

"அவள ஏன் அப்படிப் பார்த்த?"

"அம்மா பாக்கச் சொன்னாங்க மிஸ்."

"என்னத்தப் பார்க்கச் சொன்னாங்க?"

"கைய."

மணி அடித்துவிட்டது. ஓடிவிட்டாள். இரண்டு பேரும் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரே லயம், அடுத்தடுத்த வீடு என்று பதிவில் இருக்கிறது. நாளை போயா, பௌர்ணமி விடுமுறை, பாடசாலை இல்லை. போய்ப் பார்த்துவிட வேண்டியதுதான்.

ஜூன் 10, செவ்வாய். போயா

மேல் டிவிசன் ஏற்றம். மூச்சு வாங்கியது. காற்றுக்குத் தகரம் பறக்காமலிருக்கக் கூரையெல்லாம் கல்லும் பழைய டயரும்.

தர்சிகாவின் அம்மா லெட்சுமி துணி அலசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். காற்றுக்கு என்று நினைத்தேன். காற்றுக்கு இல்லை.

"அடுத்த வீட்டுச் சாந்தி இருக்காளே மிஸ், கிருஷாந்தியோட அம்மா, அவ மகளுக்கு எடுத்து வெச்ச தோடு சித்திரையில காணாமப் போச்சு. எம்மவ அந்தப் புள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கத் தெனமும் அங்க போவா. அவதான் எடுத்தான்னு சொல்லிட்டாங்க. முனியாண்டி கோயில்ல கூட்டம். லயமே நின்னுச்சு. கற்பூரம் ஏத்தி வெச்சாங்க. இவ வலது கைய நீட்டி, 'நான் எடுக்கல'ன்னு சொல்லி உள்ளங்கையால அணைச்சா."

தர்சிகா மூலையில் நின்றாள். நான் உள்ளங்கையைக் காட்டச் சொல்லவில்லை. அவளே மூடிக்கொண்டாள்.

"அதோட முடிஞ்சதுதானே?" என்றேன்.

"முடியாது மிஸ். எங்க லயத்து வழக்கம் என்னன்னா, கற்பூரம் அணைச்ச கை, அடுத்த திருவிழாவுல சாமி எறங்கி விபூதி போடுற வரைக்கும் இன்னொரு சத்தியத்துக்கு நீளக் கூடாது. நீட்டினா மொதச் சத்தியம் பொய்யின்னு ஆயிரும். ஆடித் திருவிழா வரைக்கும் பொறுக்கணும். சாந்தி அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கா. எப்ப இவ கை நீளும்னு."

"இது பள்ளிக்கூடத்துல சொல்றது லெட்சுமி. பாடம் மாதிரி."

"பாடம்னா எதுக்கு மிஸ் கைய நீட்டச் சொல்றாங்க?"

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

ஆக, இவ்வளவுதான். சபை இல்லை, சங்கம் இல்லை, பி. சேர் இல்லை (பாவம்). பாடசாலை முழுவதும் வாயில் போட்டு மென்று துப்புகிற ஒன்றை இவள் ஒருத்தி நிஜமென்று நினைத்திருக்கிறாள். நீட்டினால் லயத்தில் திருடி. நீட்டாவிட்டால் பத்திரத்தில் கெட்டவள்.

இறங்கும்போது தர்சிகா பாதி வழி கூட வந்தாள். "சேருக்குச் சொல்லாதீங்க மிஸ்."

"சொன்னா புரிஞ்சுக்குவார்டா."

"மாட்டாரு மிஸ்."

ஜூன் 11, புதன்

சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

ஆடி வரைக்கும் பொறுத்தால் போதும் என்றேன். வழக்கத்தை விளக்கினேன். அதிபர் கடைசிவரை கேட்டார். பிறகு கதிரையில் சாய்ந்தார்.

"அப்ப திருட்டுக் கேஸா? இத ஏன் முதல்லயே சொல்லல? ஒரு சந்தேகத்துல இருக்கிற பிள்ள எப்படி மாணவத் தலைவியா இருக்கலாம்?"

"அவ எடுக்கல சேர். சத்தியம் பண்ணியிருக்கா."

"எடுக்காதவ எதுக்குக் கைய நீட்டப் பயப்படணும்? 'களவு செய்யேன்'னு சொல்ல வாய் வராதது ஏன்? யோசிங்க மிஸ்."

நான் யோசித்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் யோசித்தேன். கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போன வீடு. ஆள் இல்லாத நேரம். ஏழைப் பிள்ளை, வெறுங்காது. சந்தேகம் கறையான் மாதிரி, ஒரு மூலையில் ஏறினால் போதும்.

மூன்றாம் பாடம். தர்சிகா கரும்பலகையில் கேத்திர கணிதத் தேற்றம் செய்தாள். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் காரணம் எழுதினாள், ஒன்று விடாமல். நான் அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு என்னையே பிடிக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

காலை காற்றில் கொடிக்கயிறு அறுந்தது. காவலாளி ஏணி தேடிப் போனார். உறுதிமொழி மட்டும் தவறவில்லை.

முதல் வேலையாக வலயக் கல்விக் காரியாலயத்துக்குப் போன். அங்கே என்னோடு படித்த ஒருத்தி.

"உறுதிமொழி பற்றிச் சுற்றுநிருபம் ஏதாவது வந்துச்சா?"

"இல்லையே. தேசிய கீதம், கொடி, வழமையானதுதான். ஏன்?"

"சும்மா."

சும்மா இல்லை. தாளை எடுத்துக்கொண்டு நேரே அதிபர் அறை. கதவைத் தட்டினேனா என்று நினைவில்லை.

"சேர், இந்த உத்தரவோட இலக்கம் என்ன? பதிவுல ஏத்தணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். வேறெங்கோ ஒரு பாடசாலையின் வீடியோவைப் பார்த்தாராம், பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரி கை நீட்டி நின்றது அழகாக இருந்ததாம். நம் பாடசாலைக்கும் ஒரு பெயர் வரட்டுமே என்றுதானாம். "நல்ல விசயந்தானே மிஸ்? கெட்டது ஒண்ணும் சொல்லிக் குடுக்கலயே?"

வாசகத்தில் கெட்டது ஒன்றும் இல்லைதான். சட்டத்தை மதி, பொய் சொல்லாதே. யார் வேண்டாம் என்றது? சொல்ல மறுக்கிறவளைப் பிடித்து உலுக்குகிற கைதான் எனக்குப் பிடிக்கவில்லை. இதை அப்படியே சொன்னேன். பயம் பாதி, ஆத்திரம் பாதி.

அவரும் விடவில்லை. "சரி, உத்தரவு இல்ல. ஆனா அந்தத் தோடு விசயம்? நாளைக்கு அது உண்மைன்னு தெரிஞ்சா? பத்திரத்துல நடத்தை மிக நன்றுன்னு நான் எழுதிக் குடுத்து, போற எடத்துல அவ எதையாவது எடுத்தா? பேர் யாருக்குப் போகும்? அவ எடுக்கலன்னு நீங்க பொறுப்பு நிக்கிறீங்களா?"

"நிக்கிறேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. கூடப் பிறந்தவனுக்குப் போடாத கையெழுத்து.

"எழுத்துலயா?"

"எழுத்துல வேணும்னாலும் சரி."

அவர் எழுத்தில் கேட்கவில்லை. உத்தரவு இல்லாத தாள் என் கையில் இருக்கும்வரை கேட்கவும் மாட்டார். நான் ஒன்றும் புனிதை இல்லை, அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நாளைக்கு மட்டும் ஒரு வழி செய்தேன். காலைக் கூட்டத்தில் மயங்கி விழுகிற பிள்ளைகளுக்காக ஒரு முதலுதவிப் பெட்டி உண்டு, கனமான மரப்பெட்டி. அதை ஒரு மாணவத் தலைவி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பது வழமை. நாளை அந்தப் பொறுப்பு தர்சிகாவுக்கு. அதிபர் பார்த்தார், தலையாட்டினார்.

கொக்கி வாங்கியாயிற்று. ஜன்னல் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

பணிப்பாளர் அம்மா வந்தார். சேலையையும் கோப்பையும் காற்றிடமிருந்து காப்பாற்றவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது. கீதம். பிறகு உறுதிமொழி. அத்தனை கையும் நீண்டன. பின்னால் தர்சிகா, பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி, வாய் மூடி.

முடிந்ததும் பணிப்பாளர், "இது வேற பாடசாலைகள்ல இல்லையே, எப்படி வந்தது?" என்றார்.

அதிபர் சிரித்தார். "பிள்ளைகளே ஆசைப்பட்டுச் சொல்றாங்க மேடம்."

பி. சேருக்கு இருமல் வந்தது. பணிப்பாளர் "நல்லது" என்றார். அடுத்த கேள்வி, பெண் பிள்ளைகளின் மலசலகூடத்துக்கு ஏன் கதவில்லை. அதற்கு அதிபரிடம் வாசகம் எதுவும் இருக்கவில்லை.

திங்கட்கிழமை உறுதிமொழி இருக்குமா தெரியாது. ஆடி வரை தினமும் பெட்டி தூக்க வைக்க முடியுமா, அதுவும் தெரியாது. கிருஷாந்தி இன்றும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். தோடு உண்மையில் எங்கே போனது என்று அவள் தொண்டைக்குத்தான் தெரியுமோ என்று ஒரு நினைப்பு. ஆதாரம் இல்லை. என் புத்தி இப்படித்தான் போகும். இதோடு விடுகிறேன்.

பின்னேரம் பஸ் நிறுத்தத்தில் தர்சிகா ஓடிவந்தாள். எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறாள். ஸ்டாப் ரூம் சுவர் அப்படி.

"எனக்காகப் பொறுப்பு நின்னீங்களாமே மிஸ். உங்களுக்குப் பிரச்சின வந்துச்சுன்னா நான் திங்கக்கிழம கைய நீட்டிருறேன். லயத்துல என்ன சொன்னாலும் பரவால்ல."

"வேண்டாம். கையப் பேசாம வெச்சிரு."

சொன்ன பிறகும் போகவில்லை. காற்றில் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மிஸ், நீங்க ஒரு தடவகூட எங்கிட்டக் கேக்கலயே."

"என்னத்த?"

"அந்தத் தோடு, நான் எடுத்தேனான்னு."

கேள்வி என் நாக்கு நுனியில் இருந்தது. புதன்கிழமையிலிருந்து அங்கேதான் இருக்கிறது. இப்போது கேட்டால் சொல்லிவிடுவாள், எதுவாக இருந்தாலும். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"தேற்றத்துல கடைசிப் படிக்குக் காரணம் சரியா எழுதியிருந்த" என்றேன்.

பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.